ஆறாவது கூற்று

...வெப்பம் என்று சொல்லியிருக்க வேண்டும், இரைச்சல் என்று சொல்லிவிட்டாள், போகட்டும், கேட்டவர் தலையாட்டிவிட்டார், புரிந்து ஆட்டினாரா அலுத்து ஆட்டினாரா, இனி அதை நினைத்து ஆகப்போவது ஒன்றுமில்லை. கடிகாரத்தில் பதினான்கு நிமிடம் போயிருந்தது. மொத்தம் நாற்பத்தைந்து. மீதி முப்பத்தொன்று, அதற்குள் யாரும் அந்தத் தாளைக் கையில் எடுக்காவிட்டால் தப்பித்தாள். தப்பிப்பதுதான் வேண்டுமா? ஹிஸ்கே மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள். எதிரே நீள மேசைக்குப் பின்னால் கறுப்பு அங்கியும் மெத்தென்ற தொப்பியுமாக ஏழு பேர், ஏழு பேர் கையிலும் அவளுடைய ஆய்வேடு, ஒவ்வொரு ஆய்வேட்டுக்குள்ளும் தனியே செருகிய ஒற்றைத் தாள், தாளில் பத்துக் கூற்றுகள். முனைவர் பட்டம் கேட்டு வந்து நிற்பவள், அவர்கள் கேட்டால், இந்தப் பத்தையும் காப்பாற்றிக் காட்ட வேண்டும். ஆய்வைப் பற்றிப் பாதி, உலகத்தைப் பற்றிப் பாதி, கடைசி ஒன்று அவை சிரிப்பதற்காக. அவளுடைய பத்தாவது, எதிர்க்காற்றில் சைக்கிள் மிதிக்காதவர்கள் நிகழ்தகவைப் பற்றிப் பேசக் கூடாது என்பது, அதைப் படித்துவிட்டு இரண்டு அங்கிகள் ஏற்கெனவே சிரித்தாயிற்று. தாளின் அடியில் வழக்கமான சின்ன எழுத்து: இக்கூற்றுகள் மறுக்கத்தக்கவை, காக்கத்தக்கவை, அவ்வாறென நெறியாளரால் ஏற்கப்பட்டவை. ஒன்பது கூற்றுகளுக்கு அந்த வரி உண்மை. ஆறாவதுக்குப் பொய். பொய் என்று தெரிந்தவர்கள் இந்த மண்டபத்தில் இரண்டே பேர், ஒருத்தி இங்கே நிற்கிறாள், இன்னொருவர் அங்கே இடமிருந்து இரண்டாவதாக உட்கார்ந்து மேசை மீதிருக்கும் தண்ணீர்க் குவளையைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

எவர்ட். அவளுடைய நெறியாளர், ஆய்வகத்தில் எல்லோருக்கும் வெறும் எவர்ட், கால்சட்டையில் சைக்கிள் சங்கிலிக் கறை, இன்று அங்கிக்குள் பேராசிரியர் எவர்ட் லாமர்ஸ், கறை தெரியவில்லை. அரை மணி நேரத்துக்கு முன் அங்கி மாட்டும் அறையின் வாசலில் தாளை நீட்டிக்கொண்டு நின்றார். “ஹிஸ்கே, இது என்ன?” அவள் தாளைப் பார்த்தாள், தாளையே பார்த்தாள். “ஆறாவதை எடுத்துட்டோம்ல? மூணு வாரம் முன்னாடி, என் ரூம்ல உட்கார்ந்து, நீயே அடிச்சே, நீயே வேற எழுதினே. அளவோட துல்லியம் கருவியை விடக் கருவியைத் துடைக்கிறவங்க கையிலதான் இருக்குன்னு. நல்லா இருந்துச்சே அது.” உள்ளே நாலு பேர் பொத்தான் போட்டுக்கொண்டிருந்தார்கள், அவர் குரலை இறக்கினார். கோபம் இல்லை, அதுதான் தாங்க முடியாதது, கோபம் இருந்தால் எதிர்த்து நிற்க ஒரு பிடி கிடைத்திருக்கும். “சரி, விடு. அச்சகத்துக்குப் பழைய ஃபைல் போயிடுச்சு, அவ்வளவுதானே. எவனாவது கேட்டா அதையே சொல்லிடு. அச்சுப்பிழை, வருந்துறேன், அடுத்த கேள்வி. கீழ என் பேரு இருக்கு பாரு. நான் ஏத்துக்காத ஒண்ணை ஏத்துக்கிட்டேன்னு போட்டிருக்கு. குழு இதைப் பெரிசா எடுத்துக்கிட்டா இன்னிக்குப் பட்டம் கிடையாது, ஏப்ரல்ல சேர வேண்டிய வேலையும் கிடையாது. புரியுதா?” அவள் தலையாட்டினாள். நாலு வருடமாக எவர்ட் முன்னால் அவள் கழுத்துக்குத் தெரிந்த ஒரே வேலை அது.

கேள்வி கேட்கும் முறை இப்போது மூன்றாவது எதிர்ப்பாளருக்கு, நான்காம் அத்தியாயம் என்றார். நல்லது, அங்கே கண்ணைக் கட்டிவிட்டாலும் நடப்பாள். வாய் பதில் சொல்லத் தொடங்கியது, வாய் தனியாகப் போகட்டும். கூரையிலிருந்து தலைகீழாகத் தொங்கும் தங்க முலாம் பூசிய குளிர்பெட்டி, அதன் அடித்தட்டில் அலுமினியத்தில் வரைந்த துணுக்கு மின்சுற்று, அணு மாதிரி நடந்துகொள்ளும், கீழே ஒரு நிலை, மேலே ஒரு நிலை. நீ கீழே இருக்கிறாயா மேலே இருக்கிறாயா என்று அதட்டிக் கேட்டால் உடனே ஒன்றைச் சொல்லிவிடும். மெல்லக் கேட்டால் முணுமுணுக்கும். அந்த முணுமுணுப்பை ஒரு பெருக்கியில் விட்டு, இன்னொரு பெருக்கியில் விட்டு, மூன்றாவதில் விட்டுத் திரைக்குக் கொண்டுவந்தால் ஒரு கோடு நடுங்கிக்கொண்டே கீழிருந்து மேலே ஏறும். ஏறுவதைப் பார்க்கலாம். போதாதென்று பாதியில் பிடிக்கலாம், பிடித்துக் கீழேயே திருப்பி அனுப்பலாம். முதல் முறை அப்படித் திருப்பிய மத்தியானம் ஆய்வகத் தோழி லீனெகே நாற்காலி மேல் ஏறி நின்று, “அடிப்பாவி, வீட்டை விட்டுப் போனவளைப் பாதி வழியில பிடிச்சுக் கூட்டியாந்துட்டியே!” என்று கத்தினாள், இரண்டாம் மாடியில் இருப்பவர்கள் எட்டிப் பார்த்தார்கள். அன்றைக்குத்தான் அவள் எவர்டிடம் கேட்டாள். அது எப்ப நடந்துச்சு? எது எப்ப? அளவீடு. சுற்றுலயே நடந்துச்சா, முதல் பெருக்கிலயா, கம்ப்யூட்டர்லயா, இல்ல நாம பார்த்தப்பவா? எவர்ட் சிரித்தார். “வெள்ளிக்கிழமை பியர் குடிக்கறப்ப கேளு.” வெள்ளிக்கிழமை வரை காத்திருந்து, இரண்டு மிடறு குடித்து, காது சிவக்க, மறுபடி கேட்டாள். “இதுக்கு ஒரு பியர் பத்தாது, பீப்பாய் வேணும்,” என்றார், எல்லோரும் சிரித்தார்கள், அவளும் சிரித்தாள். அவளும் சிரித்தாள் என்பதை அவளால் இன்றுவரை மன்னிக்க முடியவில்லை.

ஏனென்றால் அது வேடிக்கைக் கேள்வி இல்லை. சமன்பாட்டில் தாவல் என்ற ஒன்றே கிடையாது, முதலாண்டு மாணவனுக்குத் தெரியும், சமன்பாடு வழுக்கிக்கொண்டு சீராகப் போகிறது, போய்க்கொண்டே இருக்கும். அளந்தாய் என்றால் மட்டும் பாடப்புத்தகம் அதை ஓரமாக நிறுத்திவிட்டு வேறொரு விதியைக் கூட்டிவருகிறது. அளப்பது எது? கருவி. கருவி எதனால் ஆனது? அணுக்களால். அணுக்கள் எந்த விதிக்குக் கட்டுப்பட்டவை? முதல் விதிக்கு. அப்படியானால் முதல் விதி எந்த இடத்தில் நின்றது, யார் நிறுத்தினார்கள், செம்புக் கம்பியின் எந்த முழத்தில்? கேட்கக் கூடாது. அளப்பதற்கு முன்னால் என்ன இருந்தது? அர்த்தமில்லாத கேள்வி. எத்தனை மென்மையாகச் சொல்வார்கள், தோளில் கை வைத்துச் சொல்வார்கள், நாங்களும் உன் வயதில் கேட்டவர்கள்தான் என்று. அர்த்தமில்லை என்பதை எதை வைத்து அளந்தீர்கள் என்று திருப்பிக் கேட்க நாக்கு நுனிவரை வரும், பிறகு தலை ஆடும். அவளால் பேச முடியாது, எழுத முடியும். அதனால் எழுதினாள். ஆறாவது கூற்று. பதினேழு தடவை திருத்தி, ஒரே வாக்கியமாகச் சுருங்கிய பிறகு எவர்டுக்கு அனுப்பினாள், அவர் மறுநாள் கூப்பிட்டார், கதவைச் சாத்தினார்... “நீ சொல்றது தப்புன்னு சொல்லலை. இதைச் சொல்லிட்டு எங்க போய் வேலை கேப்பே? நான் ஒரு காலத்துல இதைக் கேட்டுட்டு அஞ்சு வருஷம் ஒரு பள்ளிக்கூடத்துல பெண்டுலம் ஆட்டிக்கிட்டிருந்தேன்.” இதை அவர் யாரிடமும் சொன்னதில்லை. அவளிடம் சொன்னார். அவள் பேனாவை எடுத்து அங்கேயே ஆறாவதை அடித்தாள்.

முன்வரிசையில் அப்பா இருமினார். கல்யாணத்துக்குப் போடும் கோட்டு, கழுத்து இறுக்கும், பொத்தானை அவிழ்க்க அம்மா விடமாட்டாள். அப்பா நீர்வாரியத்தில் இருக்கிறார், எங்கள் பக்கத்து வயல்களெல்லாம் கடல்மட்டத்துக்குக் கீழே, கோடையில் கால்வாய்த் தண்ணீர் இத்தனை சென்டிமீட்டர், குளிர்காலத்தில் இத்தனை, ஒரு விரல்கடை கூடினால் விவசாயிகள் போனில் பிடித்துக் கிழிப்பார்கள். போன கிறிஸ்துமஸுக்குச் சாப்பாட்டு மேசையில் அவருக்கு விளக்கப் பார்த்தாள். அளக்கறதுக்கு முன்னாடி அது எங்க இருக்குன்னு சொல்லக் கூடாதுங்கறாங்கப்பா. அப்பா முள்கரண்டியைக் கீழே வைத்தார். “அளவுகோலை நட்டப்புறம்தான் கால்வாய்ல தண்ணியே வந்துச்சுன்னு எவனாவது என் ஆபீஸ்ல சொல்லட்டும், அவனை அந்தக் கால்வாய்லயே தள்ளிடறேன்.” அம்மா நிமிராமல், “தள்ளுங்க, அப்பவாவது ஆழம் எவ்வளவுன்னு ஒருத்தன் சரியா சொல்லுவான்,” என்றாள். ஹிஸ்கே சிரித்துக்கொண்டே சொன்னாள், தண்ணி மாதிரி இல்லப்பா, அளவுகோல் பட்டா தண்ணி மாறிடும், அதை நான் மறுக்கலை, ஆனா மாறறதுக்கு முன்னாடி அங்க ஒண்ணுமே இல்லைன்னு... “அப்படின்னா நீ யாரு பக்கம்?” என்றார் அப்பா. யார் பக்கம்? எந்தப் பக்கமும் இல்லை. பக்கம் இருக்கிறது என்று சொல்ல விடுங்கள் என்கிற பக்கம்.

ஆறாவதை அடித்ததற்கு அடுத்த செவ்வாய்க்கிழமை. அச்சகம் ஐந்து மணிக்கு மூடிவிடும். கணினியில் இரண்டு கோப்புகள், கூற்றுகள்-இறுதி, கூற்றுகள்-இறுதி-எவர்ட். காதில் அம்மா, விருந்துக்கு எத்தனை பேருடி, சைவம் எத்தனை, உன் இந்தியக் கூட்டாளி சீஸ் சாப்பிடுவானா... கை ஒரு கோப்பை இழுத்து மின்னஞ்சலில் போட்டது. எந்தக் கோப்பு என்று தெரிந்தா? தெரியாமலா? மனதுக்குள் போய்த் தேடினால் இரண்டு பதிலும் கிடைக்கின்றன, இரண்டும் ஒரே எடை. தெரியாமல்தான், அம்மா பேசிக்கொண்டிருந்தாள், பெயர்கள் ஒரே மாதிரி. தெரிந்துதான், ஏனென்றால் அனுப்பிய பிறகு வயிற்றில் ஒரு குளிர். குளிர் முன்னால் வந்ததா பின்னால் வந்ததா? கேட்கும்வரை பதில் என்று ஒன்று இருக்கவில்லை, கேட்கிற விதத்தில்தான் பதில் பிறக்கும், அச்சுப்பிழை என்று இன்று வாயால் சொன்னால் அன்றைக்கு அது அச்சுப்பிழையாகவே ஆகிவிடும்... அட, எவ்வளவு சொகுசான இடம் இது. இத்தனை பேர் இத்தனை வருடம் எழுந்திருக்காமல் உட்கார்ந்திருப்பதில் ஆச்சரியமே இல்லை.

இருபத்தாறு நிமிடம். இப்போது பேராசிரியர் ப்ளோமர்ஸின் முறை. வேறு ஊர், அறுபதைத் தாண்டிய பெண்மணி, சுண்ணக்கட்டியும் கரும்பலகையுமாகவே வாழ்ந்த கோட்பாட்டாளர், தொப்பியைக் கழற்றாமல் தலையைச் சொறிந்துகொண்டார். அவர் ஆய்வேட்டைத் திறக்கவில்லை. தாளை எடுத்தார். “அவைத்தலைவர் அவர்களே, வலது பக்கத் துணையாள் ஆறாவது கூற்றை வாசிக்கட்டுமே. நானே படிச்சிட்டேன், இருந்தாலும் இன்னொருத்தர் குரல்ல கேக்கணும்னு ஆசை.” லீனெகே எழுந்தாள். துணைக்கு நிற்க வந்தவள் கடன் வாங்கிய ஆண்பிள்ளைக் கோட்டில் சர்க்கஸ்காரி மாதிரி இருந்தாள். தொண்டையைச் செருமி, ஒவ்வொரு சொல்லுக்கும் இடம் விட்டு வாசித்தாள்: “ஆறு. அளவீடு எங்கே முடிகிறது என்று சொல்ல முடியாதவர்கள், அது நடந்துவிட்டது என்று சொல்லக் கூடாது.” வாசித்துவிட்டு உட்காரும்போது ஹிஸ்கேயின் பக்கம் குனிந்து உதடு அசையாமல், “எவர்ட் மூஞ்சியைப் பார்த்துடாதே,” என்றாள். பார்த்துவிட்டாள். அவர் குவளையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார், அதே தண்ணீர்.

“மிகக் கற்ற எதிர்ப்பாளர் அவர்களே...” என்று மரபுப்படி தொடங்கினாள். ப்ளோமர்ஸ் கையை உயர்த்தினார். “இருங்க, இருங்க. அதுக்கு முன்னாடி ஒரு சின்ன விஷயம். கீழ நெறியாளர் ஏத்துக்கிட்டார்னு போட்டிருக்கு. லாமர்ஸை எனக்கு முப்பது வருஷமாத் தெரியும். அவர் இதை ஏத்துக்கிட்டார்னா எனக்கு ஒரு நாற்காலி வேணும், உட்காரணும். உட்கார்ந்துதான் இருக்கேன்னு வைங்க. இது என்ன, ஏதாவது அச்சுப்பிழையா?” மண்டபத்தில் சிரிப்பு, அப்பாவும் சிரித்தார், எதற்கென்று தெரியாமல். கதவைத் திறந்துவைத்துவிட்டார் அந்த அம்மாள், வேண்டுமென்றா, கருணையா, நுழைந்தால் போதும், இரண்டு சொல், அச்சுப்பிழை, வருந்துகிறேன். நாக்கு அதற்கு வளையத் தொடங்கியதைக்கூட உணர்ந்தாள். அப்போது அந்தப் புதன்கிழமை காலை வந்தது. எங்கிருந்து வந்தது, இத்தனை நாள் எங்கே போயிருந்தது? அச்சகத்திலிருந்து மாதிரித் தாள் திரும்பி வந்தது, சரிபாருங்க, ஓகேன்னா ஓகேன்னு ஒரு வார்த்தை அனுப்புங்க. திறந்தாள். ஒன்றிலிருந்து படித்தாள். ஆறாவதைப் படித்தாள். அதில் காற்புள்ளி சரியாக இருக்கிறதா என்றுகூடப் பார்த்தாள். கீழே எவர்டின் பெயர் வரும் வரியையும் படித்தாள். பிறகு ஓகே என்று அனுப்பிவிட்டுப் பல் துலக்கப் போனாள். இருந்தது. பதில் இருந்தது, கேட்பதற்கு முன்னாலேயே இருந்தது, அவள் பார்க்காத பக்கத்தில் அசையாமல் இருந்தது. அதை இல்லை என்று சொல்லிவிட்டு இந்தக் கூற்றை வைத்துக்கொண்டு இவள் என்ன செய்யப்போகிறாள்?

“அச்சுப்பிழை இல்லை,” என்றாள். குரல் மெல்லியதாக இருந்தது, ஒலிபெருக்கி அதையும் எடுத்துக் கடைசி வரிசைவரை கொண்டுபோனது. “நெறியாளர் இதை ஏத்துக்கலை. எடுக்கச் சொன்னார். எடுத்துட்டேன்னு சொன்னேன். அப்புறம் நான்தான் இதை அச்சுக்கு அனுப்பினேன், தெரிஞ்சுதான் அனுப்பினேன். அவர் பேரு அங்க இருக்கறது என் தப்பு. கூற்று தப்பு இல்லை.” யாரோ பேனாவைக் கீழே போட்டார்கள், அது உருளும் சத்தம் நெடுநேரம் கேட்டது. அவைத்தலைவர் வலப்பக்கம் இருப்பவரிடம் ஏதோ கேட்டார், வலப்பக்கம் இருப்பவர் விதிப்புத்தகத்தைத் தேடுவது போலக் காலடியில் பார்த்தார். மேசை விளிம்பை விட்டுவிட்டதை ஹிஸ்கே அப்போதுதான் கவனித்தாள். கைகள் சும்மா தொங்கின. பயம் எங்கே? இருக்கிறது, இருக்கிறது, ஆனால் காலுக்கடியில் இருக்கிறது, அதன் மேல் நிற்கலாம் போலிருக்கிறது. “கேள்வி நேரம் கேள்வி நேரம்தான்,” என்றார் அவைத்தலைவர் கடைசியில், “மத்தது அப்புறம். தொடருங்க.”

“சரி,” என்றார் ப்ளோமர்ஸ், குரலில் இப்போது விளையாட்டு இல்லை. “இப்ப காப்பாத்துங்க, பார்ப்போம். நூறு வருஷமா உங்க கூற்றை மீறித்தான் எல்லாரும் வேலை பண்ணியிருக்கோம். லேசர் வந்துச்சு, சிப் வந்துச்சு, நீங்க கையில வெச்சிருக்கற போன் வந்துச்சு. எங்க முடியுதுன்னு தெரியாமதான் வந்துச்சு.” வந்துச்சு, என்றாள் அவள், நான் இல்லைன்னு சொல்லலை. ஓடறதை நிறுத்துங்கன்னு நான் சொல்லலை. எங்க நிக்குதுன்னு கேக்காதேன்னு சொல்றதைத்தான் நிறுத்தச் சொல்றேன். விதி வேலை செய்யுது, அதனால கேள்வி செத்துப்போச்சுன்னு சொல்றாங்க. வேலை செய்யறதனாலதான் அந்தக் கேள்வி உயிரோட இருக்கு. தப்பான விதின்னா எப்பவோ தூக்கிப் போட்டிருப்போமே. இதெல்லாம் யார் பேசுவது? நாலு வருடம் கழுத்தில் சிக்கியிருந்தது சொல்சொல்லாக வெளியே வந்தது, அழகாக வரவில்லை, வந்தது. “நல்லது,” என்றார் ப்ளோமர்ஸ். “நூத்திப் பதினெட்டாம் பக்கம் எடுங்க.” எடுத்தாள். “மூணாவது வரி படிங்க.” படித்தாள். “பதினோராயிரத்து நானூறு தாவல்கள் நிகழ்ந்தன.” “ம். நிகழ்ந்தன. அந்த அளவீடு எங்க முடிஞ்சது, சொல்லுங்க?”

அந்த வரியை எழுதிய நாள் நினைவிருக்கிறது, மழை, உள்ளங்கையில் காபி, எழுதி முடித்து அடுத்த வரிக்குப் போனாள், கை தடுக்கவே இல்லை. நிகழ்ந்தன. எவர்ட் எழுதவில்லை, பாடப்புத்தகம் எழுதவில்லை, இவள் எழுதினாள். சிக்கிக்கொண்டாள். பின்வாங்கலாம், அது பேச்சுவழக்கு, வசதிக்காகச் சொல்வது என்று... மறுபடியும் அந்தச் சொகுசு இடம். மாட்டேன். “தெரியாது,” என்றாள். “திரையில ஒரு எல்லைக்கோடு போட்டேன். நடுங்கற கோடு அதைத் தாண்டினா தாவல், தாண்டலைன்னா இல்லை. அந்த எல்லையைப் போட்டது நான். ரெண்டு பிக்ஸல் கீழ இறக்கினா பன்னிரண்டாயிரம் ஆகும்.” “அப்ப உங்க கூற்றுப்படி, நூத்திப் பதினெட்டாம் பக்கத்தை எழுதினவங்க...” “எழுதியிருக்கக் கூடாது.” பின்வரிசையில் லீனெகேயின் அண்ணன் போல ஒருவன் விசிலடிக்கப் பார்த்து அடக்கிக்கொண்டான். “அந்தப் பக்கத்துக்கும் சேர்த்துத்தான் உங்களுக்குப் பட்டம் குடுக்கணுமா வேண்டாமான்னு நாங்க உள்ள போய்ப் பேசணும். ஞாபகம் இருக்கா?” “இருக்கு. அது உங்க கேள்வி. பக்கம் என் கேள்வி. பதினோராயிரத்து நானூறு தடவை அந்தக் கோடு எல்லையைத் தாண்டுச்சு, அது எனக்குத் தெரியும். அதுக்கு மேல தெரியாது. தெரியாதுன்னு எழுதறதுக்கு ஒரு இடம் வேணும், எந்த ஆய்வேட்டுலயும் அதுக்கு இடம் இல்லை. அதனாலதான் தனித்தாள்ல எழுதினேன்.” ப்ளோமர்ஸ் ஏதோ சொல்ல வாயெடுத்தார், பக்கக் கதவு திறந்தது, கோல்காரர் வந்து வெள்ளிப்பூண் போட்ட கோலைத் தரையில் தட்டி, “நேரமாயிற்று,” என்றார். சொல்ல வந்ததைச் சொல்லாமலேயே ப்ளோமர்ஸ் எழுந்தார், ஏழு அங்கிகளும் எழுந்தன, வரிசையாக வெளியே போயின. எவர்ட் கடைசி. திரும்பவில்லை.

வழக்கமாகப் பத்து நிமிடம். பத்து நிமிடம் ஆயிற்று, பதினைந்து ஆயிற்று. லீனெகே அவள் கையைப் பிடித்து அழுத்தினாள். “இப்ப நீ டாக்டராவும் இருக்கே, டாக்டர் இல்லாமலும் இருக்கே, கதவு திறக்கற வரைக்கும்.” “அந்த ஜோக்கை இன்னிக்கு மட்டும் வேண்டாம்டி.” “ஐயோ, நாலு வருஷமா இதுக்காகவே சேர்த்து வெச்சிருந்தேன்.” அப்பா பொத்தானை அவிழ்த்துவிட்டு வந்தார். “அந்தம்மா பரவாயில்லை, நேரா கேக்கறாங்க,” என்றார், பிறகு கதவைப் பார்த்து, “உங்க எவர்ட்தான் பாவம்மா, வெள்ளம் வந்த அன்னிக்கு எங்க இன்ஜினியர் உட்கார்ந்திருந்த மாதிரி உட்கார்ந்திருந்தார்.” அவளும் கதவைப் பார்த்தாள். பட்டம் கொடுக்காவிட்டால் என்ன? கொடுக்காவிட்டால் கொடுக்காமல் போகட்டும். பள்ளிக்கூடத்தில் பெண்டுலம் ஆட்டுவேன், ஆட்டிக்கொண்டே கேட்பேன், இருபது பிள்ளைகளையும் கேட்க வைப்பேன். இருபத்திரண்டாவது நிமிடம் கதவு திறந்தது.

எல்லோரும் எழுந்து நின்றார்கள். குழு பட்டத்தை வழங்க முடிவு செய்திருக்கிறது, என்றார் அவைத்தலைவர். நூற்றிப் பதினெட்டாம் பக்கம் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. தாளைத் திருத்தி மறுபடி அச்சடிக்க வேண்டும், நெறியாளர் விளக்குவார். எவர்ட் எழுந்தார், கையில் எழுதிவைத்த வாழ்த்துரை, அதைப் பிரிக்காமல் மடித்தபடியே பிடித்துக்கொண்டிருந்தார். “ஆறாவது கூற்றை நான் ஏத்துக்கலை,” என்றார். “இப்பவும் ஏத்துக்கலை. கீழ இருக்கற வரியில இனிமே, ஆறைத் தவிர மத்தவை நெறியாளரால் ஏற்கப்பட்டவைன்னு வரணும். குழுகிட்ட அதைக் கேட்டேன், சரின்னாங்க. கூற்றை எடுக்கணும்னு சிலர் சொன்னாங்க. வேண்டாம்னு சொன்னேன். அவ்வளவுதான்.” பிறகு வாழ்த்துரையைப் பிரித்தார், குளிர்பெட்டி பழுதான மாதம், ஹீலியம் கசிவு, அவள் சட்டைப்பையில் எப்போதும் இருக்கும் திருப்புளி, எல்லாம் சொன்னார், எல்லோரும் சரியான இடங்களில் சிரித்தார்கள். பட்டச்சுருளில் கையெழுத்துப் போட்டார். ஜெயித்தாயிற்று. அப்படித்தானே? கைதட்டல் கூரைவரை போய்த் திரும்பியது, அம்மா மூக்கைச் சிந்தினாள், ஹிஸ்கேக்கு உடம்பு முழுக்க லேசாக, தரை கொஞ்சம் தள்ளி இருப்பது போல.

சுருளைக் கொடுத்தபோது எவர்ட் கையைக் குலுக்கினார், குலுக்கிய கையை விடவில்லை. கைதட்டலுக்குள் அவளுக்கு மட்டும் கேட்கிற மாதிரிக் குனிந்தார். “ஒண்ணு கேக்கணும். ஏன் என்கிட்ட சொல்லலை?” “சொன்னேனே,” என்றாள் அவள், “இப்பதானே எல்லார் முன்னாடியும்...” “எல்லார் முன்னாடியும்தான் சொன்னே. நெறியாளர் இந்த நாற்பத்தஞ்சு நிமிஷமும் வாயைத் திறக்கக் கூடாதும்மா. அதுதான் இங்க வழக்கம். உனக்குத் தெரியும்.” கோபம் இல்லை, இப்போதும் இல்லை. கையை விட்டுவிட்டு ஓரமாக நகர்ந்தார், தொப்பியைக் கழற்றினார், நெற்றியில் தொப்பி பதிந்த சிவப்பு வளையம். தெரியுமா? தெரியும். எல்லோருக்கும் தெரியும், முதல் வருடத்திலிருந்து எத்தனை பேருடைய வாதத்துக்கு வந்து உட்கார்ந்திருக்கிறாள். அப்படியென்றால் செவ்வாய்க்கிழமை... புதன்கிழமை... இல்லை, அதை விடு, வேறொன்றைத் தேடு. கதவு சாத்திய அறையில், அவரும் அவளும் மட்டும் இருந்தபோது, அவர் திருப்பிப் பதில் சொல்லக்கூடிய இடத்தில், எப்போதாவது ஒரு தடவை, மாட்டேன் என்று சொல்லியிருக்கிறாளா... ஹீலியம் வாங்கும்போது? இல்லை. இரண்டாம் வருடம் கட்டுரையில் பெயர் வரிசை போட்டபோது? இல்லை, அன்றும் தலைதான் ஆடியது. வாழ்த்துச் சொல்ல வரிசை நின்றது, யாரோ அவள் கன்னத்தில் மூன்று முறை முத்தமிட்டார்கள், டாக்டர், டாக்டர் என்றார்கள், அவள் நன்றி என்றாள், அவர்கள் தோளுக்கு மேலாக ஓரத்தில் நிற்கும் மனிதரைப் பார்த்துக்கொண்டே இருந்தாள், ஒன்றாவது, ஒரே ஒன்றாவது இருக்கும், நாலு வருடம் என்பது எவ்வளவு பெரிய காலம்...